ஆயிலை நீயே தேர்ந்தெடு!

"எல்லாரும் ஊத்துறதைத்தான் நானும் ஊத்தினேன்!"

டிராக்கைச் சுழற்றும் ஃபைனல் டிரைவ் உடைந்து கிடக்கும்போது இதையா சொல்லப்போகிறாய்?

20 டன் பொக்லைனைத் தனியாளாகச் சரிவில் ஏற்றுகிறாய். சேற்றில் இறக்குகிறாய். ஆயிலைத் தேர்ந்தெடுக்க மட்டும் அடுத்தவன் முகத்தைப் பார்க்கிறாய். ஏன்?

"நான் பத்தாவதுகூடத் தாண்டலை. மேனுவல் முழுக்க இங்கிலீஷ்!"

ஒப்புக்கொள்ளமாட்டேன்! மேனுவலில் உனக்கு வேண்டியது ஒரே ஒரு ஆயில் அட்டவணை. அதில் ஃபைனல் டிரைவ் என்ற வரியைத் தேடு. ஆயிலின் தடிமன் இருக்கும், தரக்குறியீடு இருக்கும். அவ்வளவுதான்!

சில வண்டிகளுக்கு 80டபிள்யூ-90, ஜிஎல்-5. கேட்டர்பில்லர் வண்டிகள் பலவற்றுக்கு டிஓ-4. இரண்டும் ஒன்றா? இல்லவே இல்லை!

ஜிஎல்-5 ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்க்கைப் பொருள் உண்டு. கடும் அழுத்தத்திலும் கியர் பற்களைக் காக்கும். ஆனால் டோசர்கள் சிலவற்றில் பிரேக் தட்டுகளும் அதே ஆயிலில்தான் நனைகின்றன. அங்கே அதை ஊற்றினால் பிடிப்பு கெடும். விலை கூடிய ஆயில் என்பதற்காக எல்லாவற்றிலும் ஊற்றிவிட முடியுமா?

உடைந்துவிடுமோ என்று பயமா? பயத்தை விரட்ட வழி இருக்கிறது. கையை அழுக்காக்கு!

சமதரையில் நிறுத்து. டிரெய்ன் பிளக் நேர் கீழே வரட்டும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே வடி. பிளக்கை மெல்லத் தளர்த்து. உள்ளே அழுத்தம் இருக்கும், முகத்தை விலக்கிக்கொள்.

ஒரு துளியை விரலில் தேய்த்துப் பார். பால்போல் வெளுத்திருக்கிறதா? தண்ணீர் புகுந்திருக்கிறது. மினுமினுக்கிறதா? பல்லோ பேரிங்கோ தேய்கிறது. அளவு ஏறி, ஆயில் நீர்த்து ஓடுகிறதா? டிராவல் மோட்டார் சீலைப் பார்; ஹைட்ராலிக் ஆயில் இறங்குகிறது!

இதைப் படிக்க எந்தக் கல்லூரி வேண்டும்?

ஏற்கெனவே ஒன்றை உடைத்தவனா நீ? "எனக்கு ராசி இல்லை" என்று புலம்பாதே! வடிக்காமல் விட்ட ஆயிலும் கவனிக்காத சீலும் உடைத்ததற்கு ராசி என்ன செய்யும்? அடுத்ததைக் காப்பாற்று!

புது கியருக்கு முதல் ஆயில் மாற்றம் சீக்கிரமே வரும். பிறகு மேனுவல் சொல்லும் மணிக்கணக்கு. ஹவர் மீட்டரைப் பார்த்து நீயே குறித்து வை.

மேனுவல் தொலைந்துவிட்டதா? அதுவும் சாக்கு இல்லை! மாடலையும் சீரியல் நம்பரையும் சொல்லி டீலரிடம் கேள். நாளைக்கு அல்ல, இன்றே கேள்!