பெயின்ட் அடிக்குமுன் குனிந்து பாருங்கள்

இந்தச் சனிக்கிழமை குண்டசாலையிலிருந்து திகன, தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய என்று ஏறி, மஹியங்கனை வளைவுகளில் இறங்கத் திட்டம் போட்டிருக்கும் தம்பிமாரே, புறப்படுமுன் ஒரு தரம் குனிந்து உங்கள் பழைய பைக்கின் ஸ்விங் ஆர்மைப் பாருங்கள். கியர்ப்பெட்டிக்குப் பின்னால், ஆர்ம் சட்டத்தோடு பிணைகிற அச்சுக்குப் பக்கத்தில், மேல்புறம். பழைய ஹொண்டா என்றால் இடப்பக்கம். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அங்கே அப்பியிருக்கும் கறுத்த கிரீஸைத் துடையுங்கள். இரும்பு பளிச்சென்று மின்னினால், செயின் இன்றும் அதை அறுத்துக்கொண்டிருக்கிறது. நகம் விழும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் சனிக்கிழமைப் பயணம் வேண்டாம்.

பயம் காட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். அந்த ஆர்ம் உள்ளே வெறுமையான குழாய். சிலவற்றில் வெறும் தகடு. தடிப்புச் சில மில்லிமீட்டர்தான். பள்ளம் ஓட்டையானதும் கண்டி மழை உள்ளே இறங்கும், வெளியேற வழி இருக்காது. வெளியே பெயின்ட் மினுங்கிக்கொண்டிருக்க, துரு உள்ளிருந்து தின்னும். வளைவில் சாயும்போது பின்சக்கரம் கொடுக்கும் திருகலை ஏற்பதும் அதே இடம்தான். வெடிப்புப் பிறப்பது அந்தப் பள்ளத்தின் அடியில். அப்போது பின்னால் உட்கார்ந்திருப்பது யார்? உங்கள் மனைவியோ, தங்கையோ, டியூஷனுக்குப் போகும் பிள்ளையோ. பள்ளத்தைப் பற்றி அவர்களுக்கு எதுவும் தெரியாது.

மலைநாட்டில் இந்தத் தேய்மானத்துக்கு நாமே மூன்று விதமாக வழி செய்கிறோம். ஏற்றத்தில் இழுக்கவேண்டும் என்று முன் ஸ்ப்ரொக்கெட்டைச் சிறிதாக்குகிறோம்; 428 செயினில் ஒரு பல் குறைத்தால் மேற்பக்கச் செயின் முன்னால் 2 மில்லிமீட்டர் கீழிறங்கி ஆர்மை நெருங்கும். உயரமாக நிற்கட்டும் என்று நீண்ட ஷொக் போடுகிறோம். ஆர்ம் இன்னும் சரிந்து செயினோடு உரசும். அழகு என்று சொல்லி, சிடி 125 இல் ஹொண்டா கொடுத்த முழுச் செயின் கவரைக் கழற்றி வீசுகிறோம். மணலும் சேறும் செயினில் ஏறியபின் அது சங்கிலி அல்ல, அரம். இதோடு இறக்கமும் சேர்கிறது. கியரில் என்ஜினால் வேகத்தைப் பிடித்து இறங்கும்போது இழுவை செயினின் கீழ்ப்பாதிக்குப் போய்விடும். மேற்பாதி தளர்ந்து ஆர்மின் மேல் அடித்துக்கொண்டே வரும். ஹசலக்க போய்ச் சேரும்வரை எத்தனை வளைவு என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆகையால் முதலில் செயினைப் பாருங்கள். சக்கரத்தைச் சுற்றி, செயின் மிக இறுகி நிற்கும் இடத்தில் தளர்வை அளக்கவேண்டும். சாதாரண ரோட்டு பைக்குகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் வழக்கம். உங்கள் மொடலின் புத்தகம் சொல்வதே முடிவு. பயந்துபோய் விறைப்பாக இறுக்கிவிடவும் கூடாது; அது கியர்ப்பெட்டியின் பெயாரிங்கைத் தின்றுவிடும். 428 செயினில் 20 கண்ணியின் நீளம் 254 மில்லிமீட்டர். அது 259 ஐத் தொட்டால் செயினோடு இரண்டு ஸ்ப்ரொக்கெட்டையும் மாற்றுங்கள்.

ஆர்மின் மேல் செயின் உரசும் இடத்தில் ஒரு காப்புப் பட்டை வேண்டும். கம்பனிப் பட்டை இருந்த பைக் என்றால் அது தேய்ந்து ஓட்டையாகுமுன் மாற்றுங்கள். கிடைக்கவில்லையா, சமையலறையில் மரக்கறி வெட்டும் தடித்த பிளாஸ்டிக் பலகையில் அளவாக அறுத்துப் போடலாம், நன்றாக உழைக்கும். பிணைக்கிறேன் என்று ஆர்மில் புதிதாகத் துளை மட்டும் போடாதீர்கள், வெடிப்புக்கு அதுவும் ஒரு வாசல். பழைய டியூப்பை வெட்டிக் கட்டுவது அதைவிட மோசம். பிய்ந்தால் ஸ்ப்ரொக்கெட்டில் சுற்றிச் சக்கரத்தையே பூட்டிவிடும்.

ஏற்கெனவே ஆழமாக அறுபட்டிருந்தால் ரோட்டோரத்தில் பைக்கை நிறுத்திவைத்தபடியே வெல்டிங் பிடிக்கச் சொல்லாதீர்கள். ஆர்மைக் கழற்றி, புஷ்களை எடுத்து, பெயின்டைச் சுரண்டி, நீளம் எங்கும் வெடிப்புத் தேடித்தான் வேலை தொடங்கவேண்டும். சூட்டில் வளையாமல் அச்சைப் பூட்டிவைத்துத் தகடு ஒட்டும் பாஸ் கிடைத்தால் அவரிடம் கொடுங்கள். உள்ளே துரு தின்றிருந்தால் வேறு ஆர்ம் தேடுவதே வழி.

கடைசியாக, விற்கிறவர்களுக்கு. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய பைக்குகளின் விலை ஏறியது. பள்ளத்தில் புட்டி அடைத்துக் கறுப்பு அடித்து ‘ஒரிஜினல் கண்டிஷன்’ என்று தள்ளும் வேலையும் கூடவே வந்தது. ஆண்டுதோறும் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம். அங்கே பார்ப்பது புகையை. ஆர்மைப் பார்க்க உங்களைவிட்டால் ஆளில்லை. புட்டியைச் சுரண்டிவிட்டு, வாங்க வந்தவரைக் குனியச் சொல்லி டோர்ச் அடித்துக் காட்டுங்கள். விலை குறையும். குறையட்டும்.