ஆலோசகர் யாருடைய ஆள்?

வியாபாரம் என்றால் சரக்கு வாங்கி விற்பது என்று இருந்த காலம் மாறிவிட்டது. இன்று யோசனையும் ஒரு சரக்காகிவிட்டது. ஏழை நாடொன்றில் துறைமுகம் கட்ட வேண்டும், குடிநீர்க் குழாய் போட வேண்டும், மின்சார நிலையம் அமைக்க வேண்டும் என்றால், அங்கே முதலில் போய் இறங்குவது சிமெண்டோ கொத்தனாரோ அல்லர், ஆலோசகர்கள்தாம். உலக பாங்கியும், மணிலாவிலுள்ள ஆசிய அபிவிருத்தி பாங்கியும் இத்தகைய வேலைகளுக்கு ஆள் தேவை என்று இடைவிடாமல் அறிவிப்புச் செய்து வருகின்றன. சிங்கப்பூர் சர்க்கார் 2018ஆம் ஆண்டில் ‘இன்ஃப்ராஸ்ட்ரக்சர் ஏஷியா’ என்றொரு அலுவலகத்தையே ஏற்படுத்தி, ஆசிய நாடுகளின் கட்டுமானத் திட்டங்களுக்கும் இங்குள்ள கம்பெனிகளுக்கும் பாங்கிகளுக்கும் தொடர்பு உண்டாக்க முற்பட்டது.

நம் வணிகப் பெருமக்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். நம்மவர் பிள்ளைகளில் எஞ்சினியர்களும் கணக்காய்வாளர்களும் வழக்கறிஞர்களும் பெருகியிருக்கிறார்கள். கப்பலில் சரக்கு அனுப்புவது, சுங்க வேலை பார்ப்பது, சாமான் சப்ளை செய்வது ஆகியவற்றில் நம் கடைகளுக்குத் தலைமுறை தலைமுறையான பழக்கம் உண்டு. ஆகவே இந்த வாசல் நமக்கும் திறந்துதான் இருக்கிறது. ஆனால், திறந்திருக்கும் வாசலில் எல்லாம் நுழைந்துவிடலாமா?

தேர்வு நடக்கும் முறையை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். முதலில் விருப்பக் கடிதம் கேட்பார்கள். அனுபவத்தைப் பார்த்துச் சிறு பட்டியல் ஒன்று தயாரிப்பார்கள். பட்டியலில் இடம் பெற்றவர்கள் இரண்டு உறைகள் கொடுக்க வேண்டும். ஒன்றில் வேலைத் திட்டமும் ஆட்களின் தகுதியும், மற்றதில் விலை. முதல் உறை தேறினால்தான் இரண்டாவதைப் பிரிப்பார்கள். தரத்துக்கு 80, விலைக்கு 20 என்று மதிப்பெண் போடுவது வழக்கமான முறைகளில் ஒன்று. குறைந்த விலை சொன்னவருக்கே டெண்டர் என்று பழகிப்போன நமக்கு இது சற்றுப் புதுமைதான். ஒரு திட்டத்தை வகுத்துக் கொடுத்தவர் அதே திட்டத்துக்குச் சாமான் விற்கவோ கட்டிட வேலை எடுக்கவோ கூடாது என்றும் உலக பாங்கி விதி வைத்திருக்கிறது. தராசு பிடிப்பவரே சரக்கையும் வாங்கலாகாது என்ற நம் பழைய கடைத்தெரு நியாயம்தான் இது.

விதிகள் நல்லவையே. ஆயினும் அவற்றுக்குள் முழுதும் அடங்காத சங்கதி ஒன்று இருக்கிறது. ஆலோசகருக்குக் கூலி எதற்காக, எப்பொழுது கிடைக்கிறது என்பதுதான் அது.

தரகரை நாம் அறிவோம். மிளகு மூட்டையானாலும் கடை வாடகையானாலும், பேரம் முடிந்தால் அவருக்கு இத்தனை சதவிகிதம்; முடியாவிட்டால் ஒன்றுமில்லை. இதில் ஒளிவு மறைவு இல்லை. ‘நல்ல சரக்கு, விடாதீர்கள்’ என்று அவர் சொன்னால், சொல்வது தரகர் என்று மனத்தில் கழித்துக்கொண்டுதான் கேட்கிறோம். ஆனால், குடும்பத்துச் சொத்தை வாங்கலாமா வேண்டாமா என்று ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் போய் யோசனை கேட்கிறோம். அவர் சொல்லை அப்படிக் கழித்துக் கேட்பதில்லை. அவரிடம் நாம் ஒப்படைத்தது ஓர் அமானிதம். அந்தப் பெரியவருக்கு விற்பவரிடமிருந்து கமிஷன் போகிறது என்று பின்னால் தெரிய வந்தால், சொத்து நல்ல சொத்தாகவே இருந்தாலும் நம் மனம் எப்படி இருக்கும்? தரகு வாங்குவதில் தவறில்லை. பெரியவர் வேஷத்தில் தரகு வாங்குவதுதான் தவறு.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, பொது-தனியார் கூட்டு என்று சொல்லப்படும் ஏற்பாட்டைப் பார்ப்போம். சர்க்காரிடம் பணம் இல்லை. கம்பெனி கடன் வாங்கி ஆஸ்பத்திரியோ சாலையோ கட்டும். இருபது முப்பது வருஷம் நடத்தும். உபயோகிக்கும் ஜனங்களிடமோ சர்க்காரிடமோ ஆண்டுதோறும் பணம் பெறும். தவணை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கும். கேட்பதற்கு முடிச்சில்லாத நூல் போலிருக்கிறது. யார் எந்த நஷ்டத்தைத் தாங்குவது என்று எழுதும் பக்கங்களில்தான் முடிச்சு விழுகிறது. மலேசியாவின் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலைக்கு 1988இல் செய்த ஒப்பந்தத்திலேயே, வண்டிப் போக்குவரத்து எதிர்பார்த்ததற்குக் குறைந்தால் சர்க்கார் கை கொடுக்கும் என்ற ஏற்பாடு இருந்தது. கடைக்கு வாடிக்கையாளர் வராவிட்டால் நகராட்சி ஈடு செய்யும் என்று நம்மில் யாருக்காவது எவராவது எழுதிக் கொடுத்ததுண்டா!

ஆப்பிரிக்காவில் லெசோத்தோ என்று ஒரு சின்ன ராஜ்யம். நாற்புறமும் தென் ஆப்பிரிக்கா சூழ்ந்த மலை நாடு. ஜனத்தொகை ஏறத்தாழ 20 லட்சம். தலைநகரான மசேருவில் இருந்த பழைய ஆஸ்பத்திரி சிதைந்துபோயிருந்தது. புதிது கட்ட அந்த சர்க்கார் யோசனை கேட்டது உலக பாங்கிக் குடும்பத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகத்திடம். கழகம் ஆலோசகராக இருந்து கூட்டு ஏற்பாட்டை வகுத்தது. 2008இல் ட்செபாங் என்ற கம்பெனியுடன் 18 வருஷ ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதில் பெரும் பங்கு நெட்கேர் என்னும் தென் ஆப்பிரிக்க ஆஸ்பத்திரிக் கம்பெனிக்கு. உள்ளூர் டாக்டர்களும் வணிகர்களும்கூடப் பங்குதாரர்களாக இருந்தார்கள். 2011 அக்டோபரில் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

நல்லதையும் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரி நன்றாகவே நடந்தது. பழைய ஆஸ்பத்திரியோடு ஒப்பிட்டால் மரணங்கள் கணிசமாகக் குறைந்தன என்று பாஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு கணக்கு இருந்தது. ஆண்டுக் கட்டணத்துக்கு உட்பட்டது, உள்நோயாளிகள் 20,000 பேர், வெளிநோயாளிகள் 3,10,000 பேர். அதற்கு மேல் வருகிறவர்களுக்குச் சர்க்கார் தனியே பணம் கட்ட வேண்டும். நல்ல வைத்தியம் கிடைக்கிறது என்றால் ஜனங்கள் வரத்தானே செய்வார்கள்? வந்தார்கள். ஆஸ்பத்திரியின் சிறப்பே பொக்கிஷத்துக்குப் பாரமாயிற்று. நாட்டின் சுகாதாரச் செலவில் பாதிக்கு மேல், அதாவது 51 சதவிகிதம், இந்த ஒரே ஆஸ்பத்திரி விழுங்குகிறது என்று ஆக்ஸ்ஃபாம் என்ற தரும ஸ்தாபனம் 2014இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. உலக பாங்கி அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை. அவ்வளவு இல்லை என்றது. எந்த எண் சரியானாலும், மலைக் கிராமங்களிலுள்ள சிறு வைத்திய நிலையங்களுக்குப் போக வேண்டிய காசு தலைநகரை நோக்கி இழுக்கப்பட்டது என்ற கவலைக்கு இடமிருந்தது. ஊதியத் தகராறில் நர்சுகள் வேலைநிறுத்தம் செய்ய, நூற்றுக்கணக்கானோர் நீக்கப்பட, 2021இல் சர்க்கார் ஒப்பந்தத்தையே முடித்துக்கொண்டது. 18 வருஷம் என்றது ஏறத்தாழ பதின்மூன்று வருஷத்தோடு முடிந்தது.

அதே அறிக்கையில் இன்னொரு விஷயம். ஒப்பந்தம் கையெழுத்தானபோது, ஆலோசனை கூறிய கழகத்துக்கு வெற்றிக் கட்டணம் கிடைத்தது என்று ஆக்ஸ்ஃபாம் எழுதியது. இத்தகைய வேலைகளில் இது அபூர்வமான வழக்கமன்று. கூலியில் ஒரு பகுதி உழைப்புக்கு, மறு பகுதி காரியம் கைகூடினால் என்று இருக்கும். அந்த ஆலோசகர்கள் வேண்டுமென்றே பொய் சொன்னார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு ஆதாரமும் இல்லை. ஆனால், ‘இந்த ஒப்பந்தம் உங்கள் நாட்டுக்குக் கட்டுப்படியாகாது, எழுந்து போய்விடுங்கள்’ என்று மந்திரியிடம் சொல்வதற்குக் காசு கிடையாது, ‘கையெழுத்திடுங்கள்’ என்று சொல்வதற்குக் காசு உண்டு என்ற நிலையில், நோயாளிகள் கணக்குக்கு மேல் வந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை எவ்வளவு உரக்கக் கேட்க ஒருவருக்கு மனம் வரும்? நேர்மையுள்ளவருக்கும் குரல் கொஞ்சம் தாழ்ந்துதான் போகும்.

கையெழுத்தில் லாபமில்லாதவர் எப்படிப் பேசுவார் என்பதற்கு இந்தியாவில் ஓர் உதாரணம் உண்டு. மகாராஷ்டிர ராஜ்யத்து ரத்னகிரி ஜில்லாவில் தாபோல் மின்சார நிலையம் அமைக்க அமெரிக்காவின் என்ரான் கம்பெனி 1992இல் வந்தது. இந்திய சர்க்கார் உலக பாங்கியிடம் கடன் கேட்டது. 1993இல் பாங்கி, இத்திட்டம் பொருளாதார ரீதியில் நிற்காது, மின்சாரம் விலை கூடுதலாக இருக்கும் என்று சொல்லிப் பணம் தர மறுத்துவிட்டது. அந்த யோசனையைக் கேட்பாரில்லை. ஒப்பந்தம் போட்டார்கள். மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலைக் கட்டணம் உண்டு. கணக்கு டாலரோடு பிணைக்கப்பட்டது. ராஜ்ய மின்சார வாரியம் தவறினால் மத்திய சர்க்கார் ஜாமீன். பணமாற்றுக் கடை நடத்தும் அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1993இல் சுமார் 31 ரூபாயாக இருந்த டாலர், 2001இல் சுமார் 47 ரூபாய். நாணயம் சரிந்த நஷ்டம் முழுவதும் வாங்குபவர் தலையில். நிலையத்தின் முதல் பகுதி 1999இல் ஓடத் தொடங்கியது. 2001இல் வாரியம் வாங்குவதை நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் வேறு காரணங்களால் என்ரானே திவாலாயிற்று. நிலையம் சில வருஷங்கள் பூட்டிக் கிடந்தது. கணக்குப் போட்டவர்கள் தம் கூலியை அதற்கு வெகு முன்பே வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

இதற்கு எதிர்வாதம் உண்டு; அது அற்பமானதுமல்ல. ஜாமீன் கொடுக்காவிட்டால் ஏழை நாட்டுக்கு எந்தக் கம்பெனி வரும்? ஆட்சி மாறலாம், நாணயம் சரியலாம், கலகம் வரலாம். எல்லா நஷ்டத்தையும் வருகிறவனே தாங்க வேண்டும் என்றால் அவன் வரவே மாட்டான். குழாயும் வராது, விளக்கும் எரியாது, பழைய ஆஸ்பத்திரியே இடிந்து நிற்கும். வெற்றிக் கட்டணத்துக்கும் நியாயம் சொல்கிறார்கள்: நாள் கூலி மட்டும் என்றால் ஆலோசகர் நாளை நீட்டுவார், ஏழை சர்க்காரும் முன்பணம் இல்லாமல் யோசனை பெற முடிகிறது. இவற்றில் உண்மை இருக்கிறது. அபாயத்தைப் பங்கிட்டுக்கொள்வது கூட்டு வியாபாரத்தின் இயல்பே. பணம் ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது. லாபத்தில் இன்ன விகிதம், நஷ்டம் வந்தால் இன்ன விதம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது நம் முன்னோர் கடல் தாண்டியபோதே கைக்கொண்ட முறைதான். ஆனால் அங்கே இரு பாகஸ்தரும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசினார்கள். இங்கே நஷ்டத்தைத் தாங்கப் போகிறவர் பாயில் இல்லை. மசேருவின் நோயாளியும் மகாராஷ்டிரத்தில் மின்சாரக் கட்டணம் கட்டுபவரும் அந்த அறையில் இருக்கவில்லை. அவர்களுக்காக அறைக்குள் இருப்பதாகச் சொல்லப்படும் ஆள் ஆலோசகர் ஒருவர்தான். அவருடைய கூலியையும் கையெழுத்தோடு கட்டிவிட்டால், அறையில் அவர்களுக்கென்று மிச்சம் யார்?

கம்பெனியே நஷ்டம் தாங்கட்டும் என்று எழுதிவிட்டால் சங்கடம் தீர்ந்ததா? அதுவும் இல்லை. சிங்கப்பூரில் துவாஸ்பிரிங் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நடந்த கதை பலருக்கு நினைவிருக்கும். ஹைஃபிளக்ஸ் கம்பெனி 2011இல் முதலாண்டுக்குக் கன மீட்டருக்கு 45 காசு என்ற மலிவான விலைக்கு அதை எடுத்தது. மிஞ்சும் மின்சாரத்தை விற்றுச் சரிக்கட்டலாம் என்று எண்ணியது. மின்சார விலை விழுந்தது. 2019இல் பொதுப் பயனீட்டுக் கழகம் பணம் எதுவும் கொடுக்காமல் நிலையத்தை எடுத்துக்கொண்டது. பொதுப் பணம் காப்பாற்றப்பட்டது, தண்ணீர் தடைப்படவில்லை. கழகம் தன் கடமையைச் செய்தது என்றே நான் எண்ணுகிறேன். ஆனால் அந்தக் கம்பெனியின் பத்திரங்களில் சேமிப்பைப் போட்டிருந்த சிறு முதலீட்டாளர்கள் சுமார் 34,000 பேர். அவர்களில் ஓய்வு பெற்ற முதியவர்களும் அநேகர். மின்சார விலையைப் பற்றிய ஓர் ஊகம் தங்கள் பணத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பது அவர்களில் எத்தனை பேருக்கு விளங்கியிருக்கும்? இங்கேயும் நஷ்டம் வந்து விழுந்தது, கணக்குப் போட்ட அறையில் இல்லாதவர்கள் தலையில்தான்.

ஆகவே இத்தொழிலே ஆகாது என்று ஒதுங்க வேண்டியதில்லை. நாம் ஒதுங்கினால் ஆலோசகர்கள் இல்லாமல் போய்விடப் போவதுமில்லை. நுழைகிறவர் வேலைக் கடிதத்தைப் படிக்கும்போது, தொகையைப் பார்ப்பதற்கு முன் அது எந்த நாளில் கைக்கு வரும் என்ற வரியைப் பார்க்கட்டும். சர்க்காருக்கு யோசனை சொல்லும் வேலையென்றால், கையெழுத்தோடு கட்டிய கமிஷனை நீக்கி, செய்த வேலைக்குத் தவணையாகக் கேட்கலாம். தொகை குறையும், குறையட்டும். கம்பெனிக்காகப் பேசும் வேலையென்றால் கமிஷன் வாங்குவதில் குற்றமில்லை. அப்பொழுது ‘நான் கம்பெனியின் ஆள்’ என்று மந்திரியின் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். சாமான் சப்ளை மட்டும் செய்பவருக்கு இவ்வளவு பாரமில்லை. ஆயினும் இடைத்தரகர் கேட்கும் ‘செலவுக்காசு’ விஷயத்தில் அவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். லஞ்சக் குற்றத்துக்காக ஒரு பாங்கி விலக்கி வைத்த கம்பெனியை மற்றவையும் விலக்கலாம் என்று உலக பாங்கி, ஆசிய அபிவிருத்தி பாங்கி உட்பட ஐந்து பாங்கிகள் 2010இல் தமக்குள் உடன்பாடு செய்துகொண்டிருக்கின்றன.

பெரிய ஆலோசனைக் கம்பெனிகளில் கணக்கர்களாகச் சேர்ந்திருக்கும் நம் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. அறிக்கையின் முடிவுரையை எழுதும் அதிகாரம் உங்களுக்கு இராது. ஆனால் பின்னிணைப்புப் பக்கங்கள் பெரும்பாலும் உங்கள் கையில்தான் உருவாகின்றன. டாலர் இத்தனை ஏறினால், நோயாளிகள் இத்தனை கூடினால், கம்பெனி நடுவில் நொடித்தால், ஆண்டுக்கு எவ்வளவு, அதை யார் கட்டுவது என்று ஒரு பக்கம் போடுங்கள். அந்நாட்டு நிதி மந்திரியின் குமாஸ்தாவும் படித்து விளங்கிக்கொள்ளக்கூடிய எளிய வார்த்தைகளில் போடுங்கள். அந்தப் பக்கம் வேண்டாம் என்று மேலிடத்திலிருந்து சொல்லி வந்தால், ஏன் வேண்டாம் என்று எழுத்தில் கேளுங்கள்.