சாயம் போகுமா என்று கேளுங்கள்

ஐந்நூறு ரூபாய்ச் சேலை எடுக்கும்போதுகூட, சாயம் போகுமா என்று கேட்டுவிட்டுத்தான் பணத்தை எடுக்கிறோம். ஐயாயிரம் கொடுத்து ஓவியம் வாங்கும்போது அந்தக் கேள்வி நம் வாயில் வருவதில்லை. வரைந்தவரும் தாமாகச் சொல்வதில்லை. பெங்களூரில் ஆண்டுதோறும் ஜனவரியில் ஒரு ஞாயிறன்று குமார க்ருபா சாலை நெடுக சித்ரசந்தை கூடுகிறது. பல மாநில ஓவியர்கள் காலை முதல் மாலை வரை தெருவிலேயே படங்களைப் பரப்பி விற்கிறார்கள். அங்கே கைமாறும் ஒவ்வொரு பேஸ்டல் படத்தோடும் சொல்லாத வாக்கு ஒன்றும் கைமாறுகிறது: இந்த நிறம் உங்கள் வீட்டுச் சுவரில் நிலைக்கும் என்பது. அந்த வாக்கைக் காப்பது ஓவியரின் கடமை. அதற்குத் துணை நிற்பது வாங்கியவரின் கடமை.

பேஸ்டல் குச்சியில் இருப்பது நிறமி, சுண்ணம் போன்ற வெண்பொடி, இரண்டையும் பிடித்துவைக்கச் சிறிதளவு பிசின். எண்ணெய் வண்ணத்தில் நிறமித் துகளை எண்ணெய்ப் படலம் மூடியிருக்கும். மேலே வார்னிஷும் பூசலாம். பேஸ்டலில் துகள் தாளின் மேல் வெறுமனே ஒட்டியிருக்கிறது. பேஸ்டலின் பொலிவும் அதனால்தான், ஆபத்தும் அதனால்தான். ஆனாலும் பேஸ்டல் அற்பாயுள் கொண்டது என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. சுவிஸ் ஓவியர் லியோதார் 1744 வாக்கில் பேஸ்டலில் வரைந்த ‘சாக்லேட் பெண்’ ஜெர்மனியின் ட்ரெஸ்டன் அருங்காட்சியகத்தில் இன்றும் நிறத்தோடு நிற்கிறாள். நிறமியைத் தேர்ந்தவரும் படத்தைப் பேணியவர்களும் தங்கள் வேலையைச் செய்தார்கள்.

ஓவியம் பழகும் தம்பி தங்கைகளே, குச்சி வாங்கும் முன் அதில் எந்த நிறமி என்று பாருங்கள். நல்ல தயாரிப்பாளர்கள் குறியீட்டை அச்சிடுகிறார்கள். பி.வி. 19 என்றிருந்தால் குவினக்ரிடோன், வெயிலுக்குத் தாங்கும். பி.ஆர். 83 என்றால் அலிசரின், வெளுத்துவிடும். காவி, அல்ட்ராமரின், தாலோ நீலம் ஆகியவற்றை நம்பலாம். ரோடமின் இளஞ்சிவப்பையும் மெத்தில் ஊதாவையும் கண்ணைப் பறிக்கும் ஃப்ளோரசென்ட் நிறங்களையும் நம்பக் கூடாது. வெள்ளை கலந்த வெளிர்நிறங்கள் இன்னும் விரைவாகப் போகும்.

குறியீடே இல்லாத பெட்டி என்றால் நீங்களே சோதியுங்கள். ஒவ்வொரு குச்சியாலும் தாளில் ஒரு பட்டை தீட்டி, பாதியைத் தடித்த கறுப்பு அட்டையால் மூடி, மேற்கு ஜன்னலில் ஒட்டுங்கள். மார்ச் முதல் மே வரை அங்கேயே இருக்கட்டும். பிறகு அட்டையை எடுத்துப் பார்த்தால் எந்தக் குச்சியை விற்பனைக்கான படத்தில் தொடக் கூடாது என்பது தெரியும். ஃபிக்ஸட்டிவ் தெளித்துவிட்டேன், பயமில்லை என்று சொல்லாதீர்கள். அது துகள் உதிர்வதைக் குறைக்கும். நிறம் வெளுப்பதைத் தடுக்காது.

வான்கோவே வெளுக்கும் சாயங்களைப் பயன்படுத்தினாரே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். 1888-இல் அவர் வரைந்த படுக்கையறையின் சுவர்கள் ஊதாவாக இருந்தவை; இன்று நீலமாகத் தெரிகின்றன. அவர் கடிதங்களில் எழுதி வைத்ததால் உலகத்துக்கு அது தெரியும். உங்கள் படத்தின் ஊதா போய்விட்டால் அது ஊதாவாக இருந்தது என்று யார் சொல்வார்கள்? ஆகவே எந்தத் தாள், எந்தக் குச்சிகள், எந்த ஆண்டு என்று படத்தின் பின்னட்டையில் எழுதுங்கள். வெளுக்கும் நிறத்தைத் தெரிந்தே பயன்படுத்தியிருந்தால் வாங்குபவரிடம் சொல்லிவிட்டு விற்கவும். மறைத்து விற்பது ஏமாற்று.

வாங்கியவர்களே, உங்கள் பங்கும் சிறிதல்ல. காகித ஓவியங்களுக்கு அருங்காட்சியகங்கள் வைத்துக்கொள்ளும் ஒளி அளவு சுமார் 50 லக்ஸ். நடுப்பகல் நேர்வெயிலோ ஒரு லட்சம் லக்ஸை எட்டும். ஒளியின் சேதம் கூடிக்கொண்டே போவது, கணக்கிலிருந்து கழியாது. ஒரு மணி நேர நேர்வெயில் தரும் ஒளி, 50 லக்ஸில் நாளுக்கு எட்டு மணி நேரமாக 250 நாள் மாட்டி வைப்பதற்குச் சமம். பால்கனிக் கதவுக்கு எதிரே, மாலை வெயில் விழும் சுவரில் படத்தை மாட்டுகிறவர் தன் காசையும் இன்னொருவர் உழைப்பையும் சேர்த்தே அழிக்கிறார். சந்தையில் கடை போடும் ஓவியர்களே, நீங்களும் பேஸ்டலுக்கு மட்டுமாவது நிழல் கட்டுங்கள்.

பிரேம் போடுபவர்களுக்கும் ஒரு சொல். கண்ணாடி படத்தில் படக் கூடாது. மவுண்ட் வைத்து இடைவெளி விடுங்கள். அக்ரிலிக் தகடு வேண்டாம், அதன் நிலைமின் துகளைத் தாளிலிருந்து இழுத்துவிடும். ஹார்டுபோர்டை நேராகப் பின்னால் வைத்தால் அதன் அமிலம் தாளைப் பழுப்பாக்கும். அமிலமற்ற அட்டை கேளுங்கள். ஜூன் முதல் அக்டோபர் வரை மழை ஈரம் ஊறும் வெளிச்சுவரில் மாட்டினால் பிசினைத் தின்னப் பூஞ்சை வரும்.

பெங்களூரின் கலைச் செல்வத்தில் ஒரு பகுதி காகிதத்தில்தான் இருக்கிறது. அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்ற ஓவியர் கே. வெங்கடப்பா (1886–1965) ஊட்டியையும் கொடைக்கானலையும் நீர்வண்ணத்தில் தந்தார். அவையும் ஒளிக்கு அஞ்சுபவையே. படங்களைச் சீர்படுத்த, நகரின் கலை நிறுவனமான சித்ரகலா பரிஷத்தில், இன்டாக் என்னும் மரபுக்காப்பு அமைப்பின் பாதுகாப்பு மையம் இருக்கிறது. கிழிசலை ஒட்டலாம், பூஞ்சையை அகற்றலாம். ஆனால் வெளுத்துப்போன நிறத்தை உலகில் எந்த வல்லுநராலும் மீட்க முடியாது.

அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். வெயில் படும் சுவரில் படம் இருந்தால் இன்றைக்கே கழற்றி உள்சுவருக்கு மாற்றுங்கள். அடுத்த படம் தொடங்கும் முன் குச்சிகளைச் சோதனைக்குப் போடுங்கள். விற்கும்போது உண்மையைச் சொல்லுங்கள், வாங்கும்போது கூசாமல் கேளுங்கள். நாளைக்குத் தள்ளிப்போட்டால், நாளைய வெயில் உங்களுக்காகக் காத்திருக்காது.