அந்தப் பயணத்துக்கு டிக்கெட் போடலாமா?

பாலியல் நோக்கத்தோடு வெளிநாடு போகிறவருக்குப் பயணம் ஏற்பாடு செய்துதருவது சரியா என்று கேட்டால், டிராவல் ஏஜென்ட் தொழிலில் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "டிக்கெட் போட்டோம், ரூம் போட்டோம். அங்கே போய் அவர் என்ன செய்கிறார் என்பது அவர் பாடு." இதில் பாதி நியாயம் இருக்கிறது. பாங்காக் விமானத்தில் ஏறும் ஒவ்வொருவர் மனத்திலும் என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. சரக்கு வாங்கப் போகிறவரையும் புத்தர் கோயில் பார்க்கப் போகிறவரையும் சந்தேகப்பட்டு விசாரிப்பது ஏஜென்டின் வேலை இல்லை.

ஆனால் தெரிந்தே ஏற்பாடு செய்பவர் கதை வேறு. அவருக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு அந்தத் தொழிலுக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. தாய்லாந்தின் பட்டாயாவிலும் பிலிப்பைன்ஸின் ஆஞ்சலஸ் நகரிலும், தங்கியிருப்பவர் இரவில் வெளியிலிருந்து ஒரு பெண்ணை அறைக்கு அழைத்துவந்தால் சில ஹோட்டல்கள் 'ஜாய்னர் ஃபீ' என்று தனிக் கட்டணம் வாங்கும். வாங்காத ஹோட்டலை 'கெஸ்ட் ஃப்ரெண்ட்லி' என்பார்கள். அப்படிப்பட்ட ஹோட்டலாகப் பார்த்து, பார்கள் இருக்கும் தெருவுக்குப் பக்கத்திலேயே அறை போட்டுக்கொடுத்த ஒருவர் "எனக்கென்ன தெரியும்" என்று கையை விரிக்க முடியாது.

விமான டிக்கெட்டை இன்று யார் வேண்டுமானாலும் கைபேசியில் எடுத்துக்கொள்ளலாம். இத்தகைய ஏஜென்ட் விற்பது தைரியத்தை. தெரியாத ஊர், புரியாத மொழி, போலீஸ் பயம், வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் எல்லாம் சேர்ந்து தயங்கி நிற்கிறவரை, "எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்ற ஒரு சொல் விமானத்தில் ஏற்றிவிடுகிறது. அந்தச் சொல்லுக்கு விலை வாங்கியவர் அதன் விளைவுக்கும் பொறுப்பேற்கத்தான் வேண்டும்.

1970களில் ஜப்பானிய ஆண்கள் கூட்டம் கூட்டமாகத் தென்கொரியாவுக்குப் போனார்கள். 'கிசேங் சுற்றுலா' என்று அதற்குப் பெயர். விமானம், ஹோட்டல், விருந்து, விருந்தில் உடனிருக்கும் பெண் எல்லாம் ஒரே ஏற்பாட்டுக்குள் அடங்கும். அந்நியச் செலாவணி தேவைப்பட்ட கொரிய அரசும் அதை ஊக்குவித்தது. 1973 டிசம்பரில் கொரிய மாணவிகள் கிம்போ விமான நிலையத்தில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதே மாதம் ஜப்பானியப் பெண்களும் டோக்கியோவின் ஹனெடா விமான நிலையத்தில், கிளம்பிக்கொண்டிருந்த தங்கள் நாட்டு ஆண்களின் முன்னால் போய் நின்றார்கள். விபசார விடுதியின் வாசலை விட்டுவிட்டு விமான நிலையத்தை அந்தப் பெண்கள் தேர்ந்தெடுத்ததில் பெரிய தெளிவு இருந்தது. குற்றம் போய்ச் சேரும் ஊரில்தான் நடக்கிறது என்று ஒதுங்கிக்கொள்ள அவர்கள் யாரையும் விடவில்லை.

சட்டங்கள் மெதுவாகத்தான் அந்த இடத்துக்கு வந்தன. பிலிப்பைன்ஸ் 2003இல் கொண்டுவந்த ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம், விபசாரத்துக்கான பயணத் திட்டங்களை ஏற்பாடு செய்வதையே குற்றமாக்கியது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ஹவாய் மாநிலம், விபசார நோக்கத்துக்கெனப் பயணச் சேவை விற்பதைக் கடும் குற்றமாக அறிவித்தது. குழந்தைகளைச் சீரழிக்கும் பயணமென்றால் பேச்சுக்கே இடமில்லை. அமெரிக்காவில் அதை லாபத்துக்காக ஏற்பாடு செய்பவருக்கு 30 ஆண்டுவரை சிறை உண்டு.

வயதுவந்தவர்கள் விஷயத்தில் ஓர் எதிர்வாதம் இருக்கிறது. அதைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. இந்தத் தொழிலில் இருக்கும் பெண்கள் பலர், தாய்லாந்தில் அமைப்பாகத் திரண்டவர்கள் உட்பட, தங்கள் உழைப்பைக் குற்றமாகப் பார்க்க வேண்டாம் என்கிறார்கள். கிராமத்து வீட்டுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிற ஒரு பெண்ணின் முன்னால் நின்று ஒழுக்கம் போதிக்க நமக்கு எந்த யோக்கியதையும் கிடையாது. ஆனால் அவள் வயிற்றுப்பாட்டுக்கு அவள் சொல்லும் நியாயம் அவளுடையது. கமிஷன் வாங்குகிற ஏஜென்ட் அதைக் கடன் வாங்கிப் பேசக்கூடாது. அவளை வெளியே அழைத்துப் போக வாடிக்கையாளர் பார் முதலாளிக்கு 'பார் ஃபைன்' கட்டுகிறார். தன் விருப்பப்படி வருகிறவள் என்றால், அவள் வெளியே வர இன்னொருவருக்கு ஏன் பணம் கட்ட வேண்டும்?

1984 ஜனவரியில் தாய்லாந்தின் புக்கெட்டில் ஒரு விபசார விடுதி எரிந்தபோது, உள்ளே அடைத்து வைக்கப்பட்டிருந்த ஐந்து இளம்பெண்கள் தப்ப முடியாமல் கருகிப்போனார்கள். எங்கோ ஒரு ஊரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து புக்கிங் போடுகிறவர், எந்தக் கதவு திறந்திருக்கிறது, எது வெளியே பூட்டியிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? அந்தப் பெண்ணின் வயதை, கடனை, அவளுடைய சம்மதத்தை அவர் சரிபார்க்க வழியே இல்லை. சரிபார்க்க முடியாத ஒன்றின் மேல் உத்தரவாதம் எழுதிக் கொடுத்துப் பணம் வாங்குவது தவறு. ஆபத்து முழுக்க அவள் தலையில் விழும்போது அது பெரும் தவறு.

நம் ஊர் டிராவல் ஏஜென்டுகளுக்கு இது தூரத்து விவகாரம் இல்லை. விற்பனை இலக்கை எட்டிய டீலர்களை பாங்காக், பட்டாயா என்று நிறுவனங்கள் அழைத்துப் போவது இங்கே சாதாரணம். போகிறவர்களில் பலர் கோயிலும் கோரல் தீவும் பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்குச் சாக்லேட் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். அவர்களுக்குச் செய்யும் சேவையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்தி, "ராத்திரிக்கும் ஏதாவது ஏற்பாடு உண்டா?" என்று கேட்கும்போது, அங்கேயே முடியாது என்று சொல்லிவிடுங்கள். அந்த புக்கிங் கைவிட்டுப் போனால் போகட்டும்.