தலையா, தலமா?

குடியரசுத் தலைவர் தேர்தலில் ஆம்பூர் சட்டமன்ற உறுப்பினர் போடும் ஒரு வாக்கின் மதிப்பு 176. வாணியம்பாடிக்கும் அதுவே, குடியாத்தத்துக்கும் அதுவே. உத்தரப் பிரதேச உறுப்பினர் ஒருவருக்கு 208, சிக்கிம் உறுப்பினருக்கு வெறும் 7. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் 13 தொகுதிகளையும் கூட்டினால் 2,288 வரும். சிக்கிம் சட்டமன்றத்தின் 32 பேரும் சேர்ந்து போட்டாலும் 224தான். ஆம்பூரும் வாணியம்பாடியும் மட்டும் சேர்ந்தாலே 352 ஆகி, ஒரு மாநிலத்தை மிஞ்சிவிடுகின்றன. இது நியாயமா என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒரு நாடு தன் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது எதை எண்ணுகிறது? மனிதத் தலைகளையா, அவர்கள் வாழும் தலங்களையா?

அளக்கும் முறை மாறினால் விடையும் மாறும் என்பதை ஆம்பூர், வாணியம்பாடி போன்ற தோல் ஊர்களில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மண்டியில் ஆட்டுத்தோல் எண்ணிக்கைக் கணக்கில் கைமாறும், எருமைத்தோல் எடைக்கணக்கில் போகும். உப்புப் போட்டு அடுக்கிய தோலைத் தராசில் வைக்குமுன் வாங்குகிறவர் நன்றாக உதறச் சொல்வார். உதறாவிட்டால் உப்புக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டியிருக்கும். பதனிட்டு முடித்ததும் அதே தோல் சதுர அடிக் கணக்குக்கு வந்துவிடும். மெஷினில் விட்டு அளந்து, எத்தனை அடி என்று பின்பக்கத்தில் எழுதி வைப்பார்கள். தோல் ஒன்றுதான், கணக்கு மூன்று. எது சரியான கணக்கு என்று கேட்டால் பதில் கிடைக்காது. எதற்காக அளக்கிறோம் என்று சொன்னால்தான் பதில் வரும்.

இந்திய அரசியலமைப்பின் 54, 55ஆவது பிரிவுகள் சொல்லும் கணக்கு, எடைக்கணக்கைச் சேர்ந்தது. மாநிலத்தின் மக்கள்தொகையைச் சட்டமன்றத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்களால் வகுத்து, வந்ததை மீண்டும் ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 1971 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 4,11,99,168. அதை 234ஆல் வகுத்து, ஆயிரத்தால் வகுத்தால் 176. எல்லா மாநிலங்களின் மொத்த மதிப்பையும் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் அவர்களில் ஒருவருக்கான மதிப்பு கிடைக்கும். 2022 தேர்தலில் அது 700; அதற்கு முந்தைய தேர்தலில் 708. குறைந்ததற்குக் காரணம் ஜம்மு காஷ்மீரில் அப்போது சட்டமன்றம் இல்லாததுதான். அங்கிருந்து வந்த எம்.பி.க்கள் வாக்களித்தார்கள், ஆனால் சட்டமன்றத்தின் வழியாக அந்த மக்களுக்கு வர வேண்டிய எடை கணக்கிலேயே இல்லை. தலங்களின் வழியாகத் தலைகளை எண்ணும் முறையில், தலத்தின் சபை கலைந்தால் தலைகளும் காணாமல் போகின்றன.

மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்ற யோசனை அரசியல் நிர்ணய சபையில் எழாமல் இல்லை. கே.டி. ஷா அதற்காகத் திருத்தம் கொண்டுவந்து வாதாடினார். நேருவும் அம்பேத்கரும் அதை ஏற்கவில்லை. அமைச்சரவையிடம் அதிகாரம் இருக்கும்போது, அதிகாரம் இல்லாத ஒருவரைக் கோடிக்கணக்கானோர் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது பொருந்தாது; அதற்கு ஆகும் செலவும் உழைப்பும் தகாது என்பது அவர்கள் வாதத்தின் சாரம். அரசின் செலவு ஒரு பக்கம் இருக்க, நேரடித் தேர்தலில் பணம் என்ன செய்யும் என்பதற்கு வேலூரே சாட்சி. 2019 ஏப்ரலில் பணப் பறிமுதலை அடுத்து வேலூர் மக்களவைத் தேர்தலை ரத்து செய்யும்படி தேர்தல் ஆணையம் பரிந்துரைத்தது; குடியரசுத் தலைவர் அறிவிக்கையைத் திரும்பப் பெற்றார். ஆகஸ்ட் 5 அன்றுதான் அங்கே வாக்குப்பதிவு நடந்தது. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்காத ஒருவரின் கையெழுத்து, மக்கள் நேரடியாக வாக்களிக்கவிருந்த தேர்தலை நிறுத்தியது.

அதே வேலூரின் ஊரீசு கல்லூரியில் படித்தவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். தத்துவப் பேராசிரியர், தெருத்தெருவாக வாக்குக் கேட்டுப் பழகாதவர். 1962இல் அவர் குடியரசுத் தலைவர் ஆனது மறைமுகத் தேர்தலால்தான். நேரடித் தேர்தல் என்றால் அவர் பெயர் வேட்பாளர் பட்டியலுக்கே வந்திருக்குமா என்பது சந்தேகம். அவர் விளக்கி எழுதிய அத்வைதத்தை இந்தக் கேள்வியில் சாட்சிக்கு அழைக்க முடியுமா? எல்லா உயிரிலும் இருப்பது ஒரே ஆன்மா என்றால் எல்லா வாக்கும் சமம் என்று வாதிடலாம். ஆனால் ஒன்றே இருப்பதைக் கூட்டவும் முடியாது, கழிக்கவும் முடியாது. அத்வைதியின் வாக்குப்பெட்டியில் எப்போதும் ஒரே வாக்குதான். மனிதர் எல்லாரும் சமம் என்ற நம்பிக்கையிலிருந்து ‘ஆளுக்கொரு வாக்கு’ தானாக வந்துவிடுவதில்லை. இடையில் எண்ணுவது என்ற செயல் இருக்கிறது. அதை மனிதர்கள்தான் வகுக்க வேண்டும்.

மத மரபுகளும் தலைவரைத் தேர்வதில் தலையெண்ணுவதை அதிகம் நம்பியதில்லை. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் சொல்லும் குடவோலை முறையில் ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத சிறுவனைக் கொண்டு ஒன்றை எடுக்கச் செய்தார்கள். நிலம், சொந்த மனை, 35 முதல் 70 வரை வயது, வேதக் கல்வி என்று நிபந்தனைகள் இருந்தன. உழைப்பவர் பெரும்பாலோர் குடத்துக்கு அருகிலேயே வர முடியாது. இதை மக்களாட்சியின் தாய் என்று மேடையில் முழங்குபவர்கள் அந்த நிபந்தனைகளைப் படிப்பதில்லை. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. குடும்பு பெரிதா சிறிதா என்று பார்க்காமல் ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவர் வந்தார். எண்ணப்பட்டது தலம். ஆளை முடிவு செய்தது குடம், அதாவது மனிதக் கணக்குக்கு அப்பாற்பட்டது என்று அவர்கள் நம்பிய ஒன்று.

வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் போன்ற மதரசாக்களில் தலைமுறைகளாக ஓதப்படும் கலீஃபாக்களின் வரலாற்றிலும் இந்தக் கேள்வி வருகிறது. இரண்டாம் கலீஃபா உமர் 644இல் மரணப் படுக்கையில் ஆறு பேர் கொண்ட ஷூராவை, அதாவது ஆலோசனைக் குழுவை, அமைத்தார். அவர்களில் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் தான் போட்டியிலிருந்து விலகி, மதீனாவில் பலரிடமும் கேட்டறிந்த பிறகு உஸ்மான் தேர்வானார் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. முடிவு ஆறு பேருடையது. ஆனால் கேட்கப்பட்டது ஊர். ஜமாஅத்துகளில் இன்றும் மஷூரா என்ற சொல் வழங்குவது இந்தப் பொருளில்தான். தென்னிந்தியத் திருச்சபையில் பேராயர் தேர்வும் இரண்டு படிகளில் நடக்கிறது: சபைகளின் பிரதிநிதிகள் அடங்கிய பேராய மன்றம் சில பெயர்களை வாக்களித்து அனுப்பும், அவர்களில் ஒருவரைத் திருச்சபையின் உயர் மன்றமான சினாட் நியமிக்கும். ஊரின் விருப்பமும் மேலே இருப்பவரின் பகுத்தறிவும் சேர வேண்டும் என்ற எண்ணம் இந்த இரண்டு மரபுக்கும் பொது. குடவோலை உட்பட மூன்றில் எந்த மரபும் ஐம்பத்தொன்று நாற்பத்தொன்பதை வெல்லும் என்பதைப் புனிதமாக்கவில்லை.

அப்படியானால் நேரடி வாக்கின் பலம் எங்கே இருக்கிறது? அதன் எளிமையில். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பெண்ணின் வாக்கும் அந்தக் கம்பெனி முதலாளியின் வாக்கும் ஒன்றுதான் என்பதை விளக்கச் சூத்திரம் எதுவும் வேண்டாம். அதிகாரம் உண்மையாகவே தலைவர் கையில் இருக்கும் நாடுகளில் இந்த வாதத்துக்குப் பதில் சொல்வது கடினம். அமெரிக்காவில் 2000இலும் 2016இலும் அதிக மக்களின் வாக்கைப் பெற்றவர் தோற்றார். இரண்டாம் முறை வித்தியாசம் 28 லட்சத்துக்கும் மேல். மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் முன்னிலை பெற்றவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் எல்லாரும் போய்விடுவது இதற்கு முக்கியக் காரணம். மாநில வாக்கின் தொடக்கமும் அங்கே சுத்தமானதல்ல. 1787இல் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணி அடிமை மாநிலங்களின் எடையைக் கூட்டினார்கள். எண்ணப்பட்டவர்களுக்கு வாக்கு இல்லை. உதறாத உப்பு அது.

இந்திய முறை அமெரிக்க முறையின் நகல் என்று சொல்வது தவறு. ஆம்பூர் பக்கம் வந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும். 2021இல் ஆம்பூரில் தி.மு.க. வென்றது, பக்கத்து வாணியம்பாடியில் அ.தி.மு.க. மறு ஆண்டு ஜூலையில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் தி.மு.க. யஷ்வந்த் சின்ஹாவையும் அ.தி.மு.க. திரௌபதி முர்முவையும் ஆதரித்தன. உறுப்பினர்கள் சென்னைத் தலைமைச் செயலகத்தில் இளஞ்சிவப்பு வாக்குச்சீட்டில், ஆணையம் தந்த ஊதா மை பேனாவால், 1, 2 என்று விருப்ப வரிசை எழுதினார்கள். கட்சிக் கொறடாவின் உத்தரவு இங்கே செல்லாது, வாக்கு ரகசியம். கட்சி நிலைப்பாட்டின்படி வாக்கு விழுந்திருந்தால் ஒரே பாலாற்றங்கரையின் இரண்டு 176கள் எதிரெதிர்த் திசையில் போய், இரண்டுமே கணக்கில் நின்றிருக்கும். அமெரிக்க முறையாக இருந்தால் வாணியம்பாடியின் 176 ஆம்பூரின் பக்கம் புரண்டிருக்கும். மாநிலத்துக்கு எடை தந்து, மாநிலத்துக்குள் இருக்கும் பிளவையும் மறைக்காமல் வைப்பதில் இந்திய முறை மேலானது.

நேரடித் தேர்தலில் தலம் மறையும்போது என்ன நேரும் என்பதைத் தமிழர்கள் பார்க்க இலங்கை போதும். 1982 முதல் அங்கே குடியரசுத் தலைவரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 2005இல் புலிகள் விதித்த புறக்கணிப்பால் யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்களிக்கவில்லை. மகிந்த ராஜபக்ச 1,80,786 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2019இல் யாழ்ப்பாணம் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் சஜித் பிரேமதாசவுக்கு வாக்களித்தது. கோத்தபய நாடு முழுக்க 52.25 விழுக்காடு பெற்று வென்றார். இடையில் 2015இல் வடக்கின், கிழக்கின் வாக்குகள் சிறிசேனவின் வெற்றிக்குத் துணை நின்றன. நெருக்கமான போட்டியில் யாழ்ப்பாணத்தின் ஒவ்வொரு தலையும் விலை போகிறது. பெரும்பான்மை ஒன்றாகத் திரண்டால் யாழ்ப்பாணம் முழுவதும் சேர்ந்தாலும் ஒன்றுமில்லை.

எப்போதும் எண்ணிக்கையில் தோற்கிற தலங்கள் உண்டு. தோல் தொழில் வட்டாரத்தின் பாலாறு அப்படி ஒன்று. தோல் தொழிற்சாலைக் கழிவுநீரால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ கெட்டது என்ற ஆய்வு, 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தந்த தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. அந்நியச் செலாவணியும் வேலைவாய்ப்பும் வேண்டுமா என்று நாடு முழுக்க வாக்கெடுத்திருந்தால் முடிவைச் சொல்ல ஜோசியர் தேவையில்லை. தொழில் நாட்டுக்கு வருவாய் தருகிறது என்பதை ஒப்புக்கொண்ட நீதிமன்றம், அதற்காக மண்ணையும் நீரையும் கெடுக்க உரிமை இல்லை என்றது. தலத்துக்கும் குரல் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேட வேண்டியதில்லை. ஆனால் இதே பாலாற்றங்கரையில்தான் தொழிலை நம்பிப் பிழைக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களும் இருக்கின்றன. தலத்தின் குரல் ஒற்றைக் குரல் என்று எண்ணுவதும் பிழை.

கடைசியாக, 176 என்ற எண்ணுக்குள் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி. 1971இல் எண்ணப்பட்டவர்களில் பலர் இன்று இல்லை. இன்று ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்குக் காலை வண்டியில் போகும் பெண்களில் பெரும்பாலோர் அன்று பிறக்கவே இல்லை. 1976இன் 42ஆவது திருத்தம் அந்த எண்ணை உறைய வைத்தது. 2001இன் 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. குடும்பக் கட்டுப்பாட்டைச் சரியாகச் செய்த மாநிலங்கள் அதற்காக எடை இழக்கக் கூடாது என்பது நோக்கம். 2011 மக்கள்தொகையை அதே சூத்திரத்தில் போட்டால் தமிழ்நாட்டு உறுப்பினருக்கு 308, உத்தரப் பிரதேச உறுப்பினருக்கு 496 வரும். இன்று உத்தரப் பிரதேச வாக்கில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்காக இருக்கும் தமிழ்நாட்டு வாக்கு, ஐந்தில் மூன்று பங்குக்குச் சற்று மேலாக இறங்கிவிடும்.

தலையெண்ணுகிறவர் இதில் குற்றம் காண்பது நியாயமே. உத்தரப் பிரதேசத்துக் கான்பூரில் தோல் பதனிடும் தொழிலாளியின் பிள்ளைகள் எண்ணப்படாமல் இருக்க அவர்கள் செய்த தவறு என்ன? கணக்காகப் பார்த்தால் இதற்குப் பதில் கிடையாது. ஆனால் 176 இப்போது கணக்கு அல்ல. மாநிலங்களுக்கு ஒன்றியம் கொடுத்த வாக்கு. பேச்சுக்கும் உறுதிமொழிக்கும் தேர்தலில் போடுவதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழிக்கு இது புதிதல்ல. கொடுத்த வாக்கைக் காப்பதும் போட்ட வாக்கைச் சரியாக எண்ணுவதும் இந்த ஒரு இடத்தில் மோதுகின்றன. அதிகாரம் குறைந்த ஒரு பதவிக்கான தேர்தலில் கொடுத்த வாக்கைக் காப்பதே சரி. மக்களவை இடங்களைப் பங்கிடும்போது இதே விடையை இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. அங்கே பங்கிடப்படுவது ஆட்சி.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 தேதி குறிக்கப்பட்டிருக்கிறது. அதன் உரிய எண்கள் வெளியாகும் வரை ஆம்பூர் வாக்கின் மதிப்பு 176.