அன்பு மட்டும் போதுமா?

மகளைச் செவிலியர் கல்லூரியில் சேர்க்கப் புறப்படும் வேளையில் வீட்டுப் பாட்டிமார் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நோயாளியைப் பார்த்துக்கொள்ள நான்கு ஆண்டுப் படிப்பா? நாங்கள் யாரிடம் படித்தோம்?" இக்கேள்வியை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. மாமனார் மாமியாரை இறுதி மூச்சுவரை முகம் சுளிக்காமல் பேணியவர்கள் கேட்கும் கேள்வி அது. பிறரைப் பேணுதல் அன்பின் செயல் என்றால், அதற்குக் கோட்பாடு எதற்கு? அன்பைப் பாடமாகக் கற்பிக்கத்தான் இயலுமா?

நாமும் அந்தப் பாட்டிமாரின் பக்கமே நின்றவர்கள். சிங்காரப்பேட்டையில் நமக்கு அறிமுகமான பெரியவர் ஒருவர், ஓசூர் சிப்காட்டில் உழைத்து ஓய்வுபெற்றவர், பக்கவாதத்தால் வீழ்ந்தார். வலப்பக்கம் செயலற்றுப் போயிற்று. மருத்துவமனையில் இரண்டாம் வாரத்தில் அவரைக் காணச் சென்றபோது, இளம் செவிலியர் ஒருவர் அவர் மடியில் சட்டையை வைத்துவிட்டுக் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். "முதலில் வராத கையை நுழையுங்கள் ஐயா, நல்ல கை பிறகு" என்பதைத் தவிர வேறு உதவி எதுவும் அவர் செய்யவில்லை. கிழவர் வியர்த்தார், கண் கலங்கினார். பத்து நிமிடம் ஆயிற்று. மகன் பொறுக்கமாட்டாமல் சட்டையைப் பிடுங்கித் தானே மாட்டிவிட்டு, "சம்பளம் வாங்குவது எதற்கு?" என்று செவிலியரைக் கடிந்தார். நாமும் அதற்கு ஒத்து ஊதினோம் என்பதை ஒளிப்பதற்கில்லை. அவர் மறுமொழி சொல்லவில்லை. மறுநாளும் அதே வேளையில் சட்டையை மடியில் வைத்தார்.

அது சோம்பல் அன்று, இரக்கமின்மையும் அன்று என்பது பின்னரே விளங்கிற்று. வர்ஜினியா ஹெண்டர்சன் என்ற அமெரிக்கச் செவிலியர் 1966-இல் வெளியிட்ட நூலில் செவிலியப் பணிக்கு ஓர் எல்லை வகுத்தார். நோயாளிக்கு வலிமையும் மனமும் அறிவும் இருந்திருந்தால் தாமே எதைச் செய்துகொள்வாரோ, அதை அவருக்காகச் செய்வதே செவிலியர் வேலை. ஆனால் கூடிய விரைவில் அவர் தாமே செய்துகொள்ளும் நிலைக்குத் திரும்பும்படி அதைச் செய்யவேண்டும். டாரத்தியா ஓரம் 1971-இல் இதை மேலும் விரித்தார். தன்னைத் தானே பேணிக்கொள்வது மனிதரின் இயல்பு. அதில் எவ்வளவு குறை விழுந்திருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் செவிலியர் நுழையவேண்டும். நினைவற்றுக் கிடப்பவருக்கு முழுவதும் செய்வது ஒரு நிலை. பாதி செய்து பாதியை நோயாளியிடம் விடுவது இன்னொரு நிலை. கற்றுக்கொடுத்து, துணிவூட்டி, ஒதுங்கி நிற்பது மூன்றாம் நிலை. எந்த நாளில் எந்த நிலை என்று தீர்மானிப்பதற்குத்தான் படிப்பு. கைகட்டி நின்ற அந்தப் பத்து நிமிடமும் அவர் வேலை செய்துகொண்டிருந்தார். சட்டையைப் பிடுங்கிய மகன் தந்தையை நேசிக்கவில்லையா? நேசித்தார். அந்த நேசமே தந்தையைக் கட்டிலோடு கட்டிப்போட்டிருக்கும்.

நல்ல மனம் மட்டும் கைகொடுக்காத இரவு ஒன்று நம் சாலையின் மறுகோடியிலேயே நிகழ்ந்தது. கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம், திருவண்ணாமலை வழியாகப் போகும் சாலை திண்டிவனத்தைத் தொடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வூரில் ஒரே இரவில் மூன்று கணவர்கள் அமெரிக்க மறைப்பணி மருத்துவர் ஒருவரின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பேறுகால வேதனையில் இருந்தனர். ஆண் மருத்துவர் தொடக்கூடாது, மகள் வரட்டும் என்றார்கள். மகள் ஐடா ஸ்கடருக்குப் போக மனமிருந்தது, கல்வி இல்லை. மூன்று பெண்களும் இறந்தனர். அவர் அமெரிக்கா சென்று 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-இல் வேலூர் திரும்பினார். நாம் கவனிக்கவேண்டியது அதன் பின்னர் அவர் செய்த வரிசையை. வேலூரில் செவிலியர் பள்ளி 1909-இல் தொடங்கிற்று. மருத்துவப் பள்ளியோ 1918-இல்தான். 1946-இல் செவிலியத்துக்குப் பட்டப்படிப்பே அங்கு வந்துவிட்டது.

நம் திருஅவைக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. துறவறச் சகோதரியர் மருத்துவமும் பேறுகாலப் பணியும் செய்வதற்கு நெடுங்காலம் தடை இருந்தது. இராவல்பிண்டியில் பெண்களுக்கென மருத்துவமனை நிறுவிய ஆக்னஸ் மெக்லாரன் அம்மையார் அத்தடையை நீக்கும்படி உரோமையிடம் மன்றாடியவர். அதைக் காணாமலே 1913-இல் மறைந்தார். 1936-இல்தான் தடை விலகிற்று. அதுவரை செபிக்க அனுமதிபெற்ற கைகளுக்குக் குழந்தையை ஏந்த அனுமதி இல்லை.

கோட்பாடுகள் எல்லாம் நம் மண்ணுக்கு அப்படியே பொருந்தும் என்று நாம் சொல்லவில்லை. ஓரத்தின் நூலில் நோயாளி பெரும்பாலும் தனி மனிதர். நம் வார்டிலோ ஒரு கட்டிலைச் சுற்றி ஐந்து உறவினர், கையில் தூக்குவாளி, ஆளுக்கொரு பத்தியம். ஓசூர்ப் பக்கத்து மருத்துவமனையில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் ஒரே அறையில் ஒலிக்கும். மெடலின் லெய்னிங்கர் நோயாளியின் பண்பாட்டை அறியாமல் பேணுதல் இல்லை என்று எழுதியதை இங்குள்ள செவிலியர் புத்தகமின்றியே அறிவார். ஹில்டகார்ட் பெப்லா 1952-இலேயே செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையே வளரும் உறவே மருந்தாகும் என்றார். உண்மைதான், ஆனால் ஓர் இரவில் ஒருவர் நாற்பது கட்டில்களைப் பார்க்கும்போது எந்த உறவு வளரும்?

இங்கேதான் நம் மனச்சான்றைத் தொடும் இடம் வருகிறது. செவிலியரையும் அருட்சகோதரியையும் நாம் 'சிஸ்டர்' என்றே அழைக்கிறோம். அழைப்பதோடு நின்றிருந்தால் நன்று. இருவருமே வறுமை வார்த்தைப்பாடு எடுத்தவர்கள் என்றும் எண்ணிக்கொண்டோம் போலும்! 'தொண்டு' என்ற தூய சொல் எத்தனை சம்பளப் பட்டியல்களை மெலியவைத்திருக்கிறது! 2016-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, அதன்பேரில் மைய அரசு அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று பரிந்துரைத்தது. மருத்துவமனை நடத்தும் நிறுவனங்களில் நம்முடையவை பல. பரிந்துரை அவற்றில் எங்கெங்கு நடைமுறைக்கு வந்தது என்று பங்குப் பேரவைகளில் யாரேனும் கேட்டதுண்டா?

நல்ல சமாரியர் உவமையை நாம் இரக்கத்தின் கதையாகவே கேட்டு வளர்ந்தோம். லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தால் வேறு சிலவும் தென்படும். அச்சமாரியருக்குக் காயம் கட்டத் தெரிந்திருந்தது. எண்ணெயும் திராட்சை மதுவும் கைவசம் இருந்தன. அடுத்த நாள் சாவடிக்காரரிடம் பேணும் வேலையை ஒப்படைத்தபோது, புண்ணியம் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. இரண்டு தெனாரியம் கொடுத்தார். மேற்செலவையும் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னார். அந்தச் சாவடிக்காரரைப் பற்றி நாம் மறையுரை ஒன்றும் கேட்டதில்லை.

பெரியவர் இப்போது திண்ணையில் உட்கார்ந்து, காலையில் தம் சட்டையைத் தாமே போட்டுக்கொள்கிறார். வராத கை முதலில், நல்ல கை பிறகு. பொத்தான்களுக்கு மட்டும் நேரம் பிடிக்கிறது. யாரும் உதவ விடுவதில்லை. சென்ற மாதம் மகனும் நாமும் அந்தச் செவிலியரைக் கண்டு ஒரு சொல் சொல்லிவரப் போயிருந்தோம். நல்ல ஊதியம் கிடைத்துப் பெங்களூருக்குப் போய்விட்டார் என்றார்கள். எந்தச் செவிலியர், பெயர் என்ன என்று வாசலில் கேட்டபோது, இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சிஸ்டர் என்றுதான் நமக்குத் தெரியும்.