நாம் சிலர்தானே?



மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் வீதியில் நாலந்தாவைக் கடந்தால் நாவுல வரும். சுற்றிலும் பெரும்பாலும் சிங்கள பௌத்த கிராமங்கள். அங்கே ஒரு நாள் பஸ்ஸுக்காகக் காத்து நின்றபோது இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்டார்:

"சுவாமி, இந்தப் பக்கத்தில் நம்மவர்கள் சில குடும்பங்கள்தான். ஞாயிறு பூசைக்குப் போய் வருவதே பெரும்பாடு. நீங்களோ பிரசங்கத்தில் சமூக நீதி என்கிறீர்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய நாங்கள் யாருக்கு என்ன நீதி செய்ய முடியும்?"

பஸ் வந்துவிட்டது. அரைகுறையாக எதையோ சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். அன்று சொல்லாத பதிலை உங்கள் முன் வைக்கிறேன்.

நாவுல அடங்கிய கண்டி மறைமாவட்டத்தின் ஆயராக இருந்தவர் லியோ நாணயக்கார ஆண்டகை. 1972ஆம் ஆண்டு பதுளை மறைமாவட்டம் புதிதாக அமைந்தபோது, அவர் கண்டியை விட்டு அந்தச் சிறிய, வறிய மறைமாவட்டத்தின் முதல் ஆயரானார். அவரோடு சேர்ந்து பணியாற்றியவர் அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த மைக்கல் றொட்றிகோ அடிகளார். இரண்டு கலாநிதிப் பட்டங்கள் பெற்ற அந்த மேதை, 1980ஆம் ஆண்டு மொனராகலை மாவட்டத்தில் புத்தளைக்கு அருகே ஒரு பௌத்த கிராமத்தில் குடியேறினார். ஒரு குடிசை, உடன் உழைக்க அருட்சகோதரிகள். இல்லத்தின் பெயர் 'சுப செத் கெதர', அதாவது நல்வாழ்த்து இல்லம். திருச்சபை அங்கே அவ்வளவுதான்.

மதம் மாற்ற வந்தவர் என்று ஊரார் முதலில் ஐயுற்றார்கள். அந்த ஐயத்தை நாம் குறை கூறலாகாது. ஒரு கையில் உணவும் மறு கையில் ஞானஸ்நானமும் நீட்டியவர்கள் நம் வரலாற்றில் இல்லையா? பிரதிபலனை எண்ணிச் செய்யும் உதவி வியாபாரமேயன்றி அன்பாகாது. அடிகளார் எவரையும் மதம் மாற்ற முயலவில்லை. ஏழை விவசாயிகளின் நிலத்துக்காகவும் உரிமைக்காகவும் அவர்களுடனேயே நின்றார். பிக்குமாரும் நண்பராயினர்.

தருமத்தில் கொடுப்பவன் கை மேலே, வாங்குபவன் கை கீழே. நீதியில் இரு கைகளும் ஒரே மட்டத்தில் இருக்கும். ஏனெனில் நீதி என்பது பிறருக்கு உரியதை அவருக்குச் செலுத்தும் கடன். கடனைத் தீர்க்க ஆள்பலம் எதற்கு?

"சுவாமி, முடிவு என்னவாயிற்று?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. தென்னிலங்கை வன்செயலில் கொந்தளித்த 1987ஆம் ஆண்டு, நவம்பர் 10ஆம் நாள், திருப்பலி நிறைவேற்றிய அந்த இல்லத்திலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது அறுபது. ஆபத்து வருவதை அறிந்திருந்தார். போய்விட வழியும் இருந்தது. தங்கியது பிடிவாதமா, கடமையா? நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஊராருக்குப் போக வேறிடம் இல்லாதபோது தமக்கு மட்டும் ஒரு வழி இருப்பதை அவர் பயன்படுத்த விரும்பவில்லை. இதற்கு மேல் அவரை நியாயந்தீர்க்க, பாதுகாப்பான அறையிலிருந்து எழுதும் எனக்குத் தகுதியில்லை.

நம்மைத் தைக்கும் கேள்வி ஒன்றும் உண்டு. 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் குடியுரிமை இழந்த மலையகத் தமிழர், தமக்கு நீதி கேட்பது முற்றிலும் நியாயம். இயேசு சபையின் போல் கஸ்பர்ஸ் அடிகளார் தோட்டத்தில் பிறந்தவரல்லர். ஆயினும் 1972ஆம் ஆண்டு கண்டியில் 'சத்யோதய' நிலையத்தைத் தொடங்கி, தோட்டத் தொழிலாளருக்காக நெடுங்காலம் உழைத்தார். பிறர் நமக்காக நின்றதை நன்றியோடு சொல்கிறோம். அயல் கிராமத்துச் சிங்கள விவசாயியின் காணி பறிபோகும்போது அவன் வேலியருகே போய் நின்றவர் நம்மில் எத்தனை பேர்?

நாவுலத் தம்பிக்கு என் பதில் இதுதான். உப்பு சட்டி நிறைய வேண்டியதில்லை. சாரம் இருந்தால் போதும். உங்கள் வீதியில் கூலி மறுக்கப்பட்ட ஒருவர் இருப்பார். அலுவலகத்தில் விண்ணப்பம் எழுதத் தெரியாமல் திரும்பி வந்த ஒரு தாய் இருப்பார். அவர் எந்த மதம் என்று கேளாமல் அவரோடு கூடப் போங்கள். அவர் உங்கள் கோவிலுக்கு வருவாரா என்று எண்ணாமல் திரும்பி வாருங்கள்.

நாம் சிலர்தான். ஆனால் அவரோடு கூடப் போக ஒருவர் போதும். அந்த ஒருவர் யார், வாசகரே?